மயிலத்தில் காணாமற்போன ஷூ

திண்டிவனம்,
கார்த்திகை 10.

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், என் தையல் மெஷினும் எண்ணெய் குடித்துவிட்டுச் சுகமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்த அயர்லாந்துக் குளிரில் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் தினமும் விளக்கேற்றும்போது நான் கேட்பது. உன் ஆஸ்பத்திரி வார்டு மேடம் கேட்ட தோல் பை இந்தக் கடிதத்தோடு வருகிறது. கத்தரிக்கோலுக்கு ஓர் அறை, பேனாவுக்கு ஓர் அறை, நீ சொன்னபடியே வைத்துக் கையாலேயே தைத்திருக்கிறேன். மூன்று வாரம் தாமதம்தான். மழையில் தோல் காயவில்லை என்று அப்பா போனில் சொன்னாரே, அது பொய். தோல் நன்றாகத்தான் காய்ந்தது. உண்மைக் காரணத்தை உனக்குச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தால் போதும், அவர் போனைப் பிடுங்கி, தான் ஒரு திருடனைப் பிடித்த கதையை ஆரம்பித்துவிடுகிறார். அவர் யாரையும் பிடிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் அணைத்துவிட்டு வந்து படி.

ஆவணிக் கடைசியில் கோலியனூரிலிருந்து பெரியதம்பி என்று ஒருவர் வந்தார். சொந்த நிலத்தில் கரும்பும் நெல்லும் வைக்கிறவர். இரண்டு நாள் நம் வீட்டு முன்னறைத் தோல் கடையின் வாசலில் நின்று, தொங்குகிற பெல்ட்டுகளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். மூன்றாம் நாள் உள்ளே வந்து, தெருவில் யாரும் இல்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வேட்டியை ஒரு சாண் தூக்கிக் காட்டினார். வலது கால் யானைக்கால். முப்பது வருஷமாக இருக்கிறதாம், அந்தக் காலில் இதுவரை ஒரு செருப்புகூட ஏறியதில்லையாம். ஐப்பசில சின்ன பொண்ணு ரோஜாவுக்கு மயிலத்துல கல்யாணம், எனக்கு ஒரு ஷூ பண்ணிக் குடும்மா என்றார். பெரிய பொண்ணு ஆல்பத்துல அத்தினி போட்டோ இருக்குது, ஒண்ணுலகூட எனக்குக் காலில்ல, இடுப்புக்கு மேல எடுடான்னு போட்டோக்காரன்கிட்ட நானேதான் சொன்னேன், இந்தத் தபா முழுசா நிக்கணும்மா என்றார். உன் அப்பா உடனே, பெல்ட்டும் ஒண்ணு சேர்த்துப் போட்டுடலாமா என்று கேட்டார்.

அளவெடுக்க நான் கீழே உட்கார்ந்ததும் மனுஷன் காலை இழுத்துக்கொண்டார், பொம்பள கையில காலக் குடுக்கறதா, வேணாம்மா என்று. நான் சொன்னேன், ஷூ கம்பெனியில பதினாலு வருஷம் தச்சேங்க, ஒண்ணாவது யாரு காலுக்குப் போச்சின்னு எனக்குத் தெரியாது, உங்க காலையாவது தெரிஞ்சிக்கினு தைக்கறேன் என்று. அதற்கப்புறம்தான் காலைக் கொடுத்தார். சாதாரண அளவு இதற்குச் சரிப்படாது, காலுக்கே ஓர் அச்சு வேண்டும். மெடிக்கல் கடையில் மாவுக்கட்டு வாங்கிவந்து காலைச் சுற்றினேன், காய்ந்ததும் வெட்டி எடுத்தால் அச்சு கிடைத்துவிடும். அது காய்கிற நேரம் பார்த்து, கல்யாணத்துக்கு வளையல் வாங்கப் போயிருந்த அவர் சம்சாரம் அஞ்சம்மாள் உள்ளே வந்தாள். புருஷன் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், ஐயோ, கல்யாணத்த வச்சிக்கினு கால ஒடச்சிக்கினியே என்று மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. உன் அப்பா, ஒண்ணுமில்லமா, ஷூவுக்கு அளவு எடுக்கறாங்க என்றார். அவள், அளவு எடுக்க எவனாவது கட்டு போடுவானா, ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கறவன் எனக்கு இப்டியா சுத்தினான் என்று அவரைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் தைத்தது காலையில் சரியாக இருந்தது, சாயந்தரம் ஏறவில்லை. பொழுது சாயச் சாய அந்தக் கால் வீங்கும் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. மறுபடி சாயந்தரத்தில் அச்சு எடுத்து, உள்ளே மெத்தென்று ஆட்டுத்தோல் வைத்து, முன்பக்கம் முழுக்கத் திறந்து மூடுகிற மாதிரி மூன்று பட்டை வைத்துத் தைத்தேன். இடது கால் ஷூவுக்கும் அதே பட்டைகளை வைத்தேன், தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் கூடப்பிறந்தவை மாதிரி இருக்கும். அப்பா தன் பங்குக்கு உள்பக்கம் நம் கடைப் பெயரையும் போன் நம்பரையும் சூடு வைத்து அழுத்தினார். அவர் சும்மா இருக்கிற நேரத்தில் வீட்டு விசிறிமட்டைக்குக்கூட அந்த முத்திரையைப் போட்டுவிட்டார்.

கல்யாணத்துக்கு நாங்களும் போயிருந்தோம். பெரியதம்பி ஷூ போட்டுக்கொண்டு வேனிலிருந்து இறங்கினதை நீ பார்த்திருக்கவேண்டும், மாப்பிள்ளையைவிட இவர்தான் வெட்கப்பட்டார். முகூர்த்தம் மலைமேல் கோயிலில், போட்டோ கீழே மண்டபத்தில் என்று ஏற்பாடு. படிக்குக் கீழே எல்லாரையும்போல ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். தாலி கட்டி முடிந்து இறங்கி வந்தால் ஷூ இல்லை. நூறு ஜோடி செருப்பு அங்கேயே கிடக்கிறது, வேறு யார் காலுக்கும் சேராத அந்த ஒரு ஜோடியை மட்டும் காணோம். அஞ்சம்மாள் திருடனின் ஏழு தலைமுறையையும் இழுத்தாள். பெரியதம்பி மண்டபத்துக்கு வெறுங்காலோடு நடந்துபோய், எப்பவும்போல இடுப்புக்கு மேலயே எடுத்துடுப்பா என்று போட்டோக்காரரிடம் சொன்னார். அதைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அப்பா பாயசம் இரண்டு முறை வாங்கினார், துக்கத்தில் தொண்டை வறண்டுவிட்டதாம்.

முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்த உன் அப்பா சும்மா இருப்பாரா. மறுநாளே மயிலம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்று, இறங்குகிறவர் ஏறுகிறவர் காலையெல்லாம் உற்றுப் பார்த்திருக்கிறார். இரண்டாம் நாள் அங்கே பூ விற்கிற அம்மாள், யோவ் பெரியவரே, இன்னா நேத்துலேர்ந்து பொம்பளைங்க காலையே பாத்துகினுகீற, பஸ் ஏறிப் போறியா, நாலு பேரக் கூப்பிடட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அத்தோடு விசாரணை முடிந்தது. வீட்டுக்கு வந்து, தடயம் எதுவும் சிக்கவில்லை என்று மட்டும் சொன்னார். மீதியைப் பூக்காரம்மாள்தான் அடுத்த கிருத்திகைக்குப் போனபோது எனக்குச் சொன்னாள்.

எட்டு நாள் கழித்து ஒரு போன் வந்தது. ஹலோ, ஷூ கடைங்களா, உங்க ஷூ ஒண்ணு போட்டுக்கினு இருக்கறேன், கால கடிக்குது, கொஞ்சம் சரி பண்ணித் தருவீங்களா என்று ஓர் ஆண் குரல். எங்கே வாங்கினீர்கள் என்று அப்பா கேட்டார். மயிலத்துல என்று அவன் பாவமாகச் சொன்னான். நமக்கு மயிலத்தில் ஏது கடை? அப்பா போனைப் பொத்திக்கொண்டு, திருடன், திருடன், நம்மகிட்டயே ரிப்பேருக்கு வர்றான் என்று குதித்தார். போலீஸுக்குச் சொல்லப் போனவரைத் தடுத்து, முதல்ல வரட்டும், ஷூ எப்படி இருக்குதுன்னு பாக்கணும் என்றேன். அவர் கேட்காமல் பெரியதம்பியை வரவழைத்துச் சமையலறையில் உட்காரவைத்து, தான் ஒரு தடியோடு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

வந்தவன் பெயர் செங்கேணி, வானூர் பக்கம் பெயிண்ட் அடிக்கிறவன், நாற்பது வயதிருக்கும். தெருமுனையில் அவன் வருகிறபோதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு ஷூவும் ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தன. அவனுக்கும் யானைக்கால்தான், ஆனால் இடது கால். பெரிய ஷூ வலது காலுக்குத் தைத்தது அல்லவா, அவன் இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறான். கடிக்காமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு மேலெல்லாம் வெள்ளைப் பெயிண்ட் சொட்டு. திருடியதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன் வெண்ணிலா, ராத்திரி பகலாக மெருகு போட்ட தோலில் பெயிண்டைப் பார்த்ததும் அந்தத் தடியை நானே வாங்கலாமா என்று நினைத்தேன்.

அதற்குள் பெரியதம்பி சமையலறையிலிருந்து வந்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தோம். அவர் ஷூவைப் பார்க்கவில்லை, அதற்கு மேலே இருந்த காலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து, எத்தினி வருசமா என்று கேட்டார். இருவத்திரெண்டு வருசமாங்க என்றான் அவன். ஜுரம் வருதா? மாசத்துக்கு ஒருதபா வருதுங்க. சோப்பு போட்டுக் கழுவி விரலிடுக்குல ஈரமில்லாம தொடைக்கறியா, ஆஸ்பத்திரில மாத்திர வாங்கறியா என்று ஆரம்பித்து, இருவரும் அரைமணி நேரம் கரும்புக்கு உரம் வைப்பதைப் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். உன் அப்பா தடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதை வைத்து ஒட்டடை அடித்தார். அப்புறம்தான் செங்கேணி தலையைக் குனிந்துகொண்டு, எடுக்கணும்னு வரலீங்க, இம்மாம்பெரிய ஷூ யாருக்குடான்னு சும்மா கால உட்டுப் பாத்தேன், உள்ள போயிடுச்சி, போனப்பறம் கழட்ட மனசு வரல என்றான். பெரியதம்பி, எனக்கும் அப்டித்தான் இருந்திச்சி என்றார். சொல்லிவிட்டு உடனே குரலை உயர்த்தி, அதுக்காக உட்டுருவனா, உன்னால என் பொண்ணு கல்யாணத்துல மறுபடியும் நான் பாதி ஆளுதான்யா, அந்தப் போட்டோவ நீதான் எடுத்துக் குடுக்கணும் என்றார்.

அதுதான் தண்டனை, போட்டோக்காரர் கூலி செங்கேணியுடையது. அந்த ஷூவைச் சுத்தம் செய்து, அடித்தோல் மாற்றி, செங்கேணிக்கு இடது காலுக்கென்று தனியாக அச்சு எடுத்து ஒரு ஜோடி தைத்தேன். உன் மேடத்தின் பை அந்த மூன்று வாரம்தான் அலமாரியில் தூங்கியது. போன ஞாயிற்றுக்கிழமை கோலியனூரில் மறுபடி கல்யாண அலங்காரம். ரிசப்ஷன் முடிஞ்சி மாசமாவுது மாமா, இன்னும் எத்தினி தபா மாலை போடுவீங்க, ஒரே பேஜாருங்க என்று ரோஜாவின் மாப்பிள்ளை முனகினார், ஆனாலும் கோட்டு போட்டுக்கொண்டார். வெயிலில் வெளிச்சக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றது செங்கேணி, தன் புது ஷூவில். போட்டோக்காரர் காலெல்லாம் விழுகிற மாதிரி பின்னால் தள்ளிப் போய், ஐயா, இங்க பாருங்க என்றார். நாலு தடவை எடுத்தார். நாலிலும் எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள், பெரியதம்பி மட்டும் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐயா, ஜல்தியா ஒருவாட்டி மேல பாருங்க என்று போட்டோக்காரர் கெஞ்சினார். அஞ்சம்மாள்தான், முப்பது வருசமா அந்தக் காலப் பாக்கப் புடிக்காம இருந்த மனுஷன்பா, பாக்கட்டும் உடு என்று சொல்லிவிட்டாள்.

உன் மேடம் பையை ஈரத்தில் வைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல். நைட் டியூட்டி முடிந்து வெறும் காப்பியோடு படுக்காதே, வறுத்த மல்லாட்டையில் கடலை உருண்டை பிடித்து அனுப்பியிருக்கிறேன், மாப்பிள்ளைக்கும் கொடு, ஒளித்து வைத்துத் தின்னாதே. மகமாயி உன் வயிற்றையும் மனசையும் குளிர வைக்கட்டும், நீங்கள் இரண்டு பேரும் ஒற்றுமையாக நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். பனியில் போட உனக்கு ஒரு பூட்ஸ் தைக்கப் போகிறேன், மறக்காமல் உன் இரண்டு பாதத்தையும் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. உட்கார்ந்துகொண்டு வரையாதே, நின்றால்தான் பாதம் முழுசாக விரியும், நின்றுகொண்டு வரை.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா,
கிருஷ்ணவேணி ஜெகதீசன்.