அறுபத்தோர் இடைச்செருகல்கள்

அன்பிற்குரிய இளைய மகளுக்கு, உன் அம்மா வாழ்த்தி எழுதுவது. இறைவன் திருவருளால் நானும் உன் அப்பாவும் இங்கு நலக்குறைவு ஏதுமின்றி இருக்கிறோம். கடல் கடந்த ஊரில் நீயும் வேளைக்கு உண்டு, நேரத்துக்கு உறங்கி, நலமாயிருக்க வேண்டும் என்பதே காலை வழிபாட்டில் நான் முதலில் வைக்கும் விண்ணப்பம். உன் அப்பாவின் முழங்கால் வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. குறைந்த பாதியை மறந்து, மீதிப் பாதியைப் பற்றி மட்டுமே வீட்டில் பேசுகிறார். நீ அனுப்பிய புதிய விசைப்பலகையின் படங்கள் பதினான்கையும் பார்த்தோம். ஒவ்வொரு விசையையும் தனித்தனியே கழற்றி, தூரிகையால் எண்ணெய் தொட்டு வைத்து, மீண்டும் பூட்ட இரண்டு விடுமுறை நாள்கள் ஆயின என்று எழுதியிருந்தாய். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, “பொறந்த குழந்தையைப் படம் எடுத்து அனுப்பின மாதிரி இருக்கு, பேரு வெச்சாச்சான்னு கேளு” என்றார். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் உன் தட்டல் ஓசையைக் குறித்து முறையிட்டதாய் எழுதியிருந்தாயே, அதில் நியாயம் அவர் பக்கம் என்றே நான் கருதுகிறேன். நமக்கு இன்பமான ஓசை பிறர்க்கும் இன்பமாயிருக்க வேண்டிய கட்டாயமில்லை. பலகைக்கு அடியில் தடித்த கம்பளித் துண்டு ஒன்றை விரித்துக்கொள், அவரிடம் ஒரு நல்ல சொல்லும் சொல்.

இனி என் செய்தி. இதைப் படித்து நீ சிரிப்பாய் என்று அறிவேன்; சிரி, ஆனால் முழுவதும் படித்துவிட்டுச் சிரி. முந்நூற்றொரு துதிப்பாடல்களுக்கு நான் ஆறாண்டுகளாக எழுதிவந்த உரை நிறைவெய்தியது. நூலகத்து மாடியில் வாரந்தோறும் கூடும் எங்கள் வாசிப்பு அவை அதை நூலாக்குவதென்று முடிவு செய்ததையும் அச்சகத்தில் நாள் குறித்ததையும் முன்பே எழுதியிருந்தேன். முதல் இருநூற்று நாற்பது பாடல்களின் உரையை நீ விட்டுச்சென்ற பழைய கணினியில், உன் அப்பா கல்மழை என்று பெயர் சூட்டிய அந்தப் பெரிய விசைப்பலகையில்தான் தட்டினேன். நீ அமைத்துக் கொடுத்த கட்டற்ற மென்பொருளில், எழுதியது அழியாதிருக்க நீ கற்பித்த முறை நினைவிருக்கும்: இடது மேல்மூலை விசையை ஒருமுறை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறி, முக்காற்புள்ளியும் ஓர் ஆங்கில எழுத்தும் தட்டி, உள்ளீட்டு விசையை அழுத்த வேண்டும், அவை திரையின் அடிவிளிம்பில் தோன்றி மறையும், உரை பத்திரமாகிவிடும். ஒரு பாடலுக்கு உரை முடிந்ததும் கைகுவித்து வணங்குவதைப் போல இதையும் செய்து செய்து, என் விரல்கள் என்னைக் கேளாமலே செய்யத் தொடங்கிவிட்டன. இந்நிலையில்தான் உன் அக்காவின் கணவர், மாமியார் பழைய பெட்டியோடு துன்பப்படுகிறாரே என்ற நல்லெண்ணத்தால், வழுவழுப்பான மெல்லிய மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதன் விசைகள் பூனை நடப்பதைப் போல ஓசையற்றவை. மாப்பிள்ளை ஆசையாய்த் தந்ததை மறுக்க மனமின்றி, எஞ்சிய அறுபத்தொரு பாடல்களின் உரையை அதில் எழுதி முடித்து, கோப்புகளை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

நான் தட்டும்போது திரையைப் பார்ப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். என் கண் எப்போதும் தாங்கியில் விரித்து வைத்த மூலநூலின்மீதே இருக்கும். புதிய மென்பொருள் யாரும் சொல்லாமலே தானாகச் சேமித்துக்கொள்ளும் இயல்பினது. மூலை விசைக்கு அதில் பொருளே இல்லை. தட்டச்சும் ஆங்கிலத்துக்கு மாறாமல் தமிழிலேயே நிற்கும்; அந்த ஆங்கில எழுத்தின் விசையில் தமிழில் இருப்பது ஈகாரம். ஆகவே ஒவ்வோர் உரையின் இறுதியிலும் என் விரல்கள் வழக்கம்போல் தட்டியது கட்டளையாகவில்லை. முக்காற்புள்ளியும் அதையடுத்து ஓர் ஈகாரமுமாக, தனி வரியில், உரையோடு உரையாய் அமர்ந்துவிட்டது. எப்போதேனும் நிமிர்ந்து பார்த்தபோதும் பக்கத்தின் அடியில்தான் கண்டேன்; பழைய கணினியிலும் அடியில்தானே தோன்றும், மறைந்துவிடும் என்று எண்ணிக்கொண்டேன். இதோடு நின்றிருந்தால் பிழைதிருத்தத்தில் முடிந்திருக்கும். ஆனால் எங்கள் அச்சகக்காரர் பக்தி மிக்கவர். இது ஏதோ மறைபொருள் கொண்ட பழங்குறி என்று அவரே தெளிந்து, அறுபத்தோரிடத்திலும் அதைச் செந்நிறத்தில், நடுவே, இருபுறமும் சிறு பூ வைத்துக் கோத்துவிட்டார்.

அச்சுப்படி வந்த அன்று எனக்கு வரத் தாமதமாயிற்று; நான் படியேறும்போதே வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. வாசிப்பவர் யாரென்று உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன், முப்பதாண்டுகள் இரயில் நிலையத்தில் வண்டி வரவை அறிவித்த அம்மையார். தாளில் உள்ளதை உள்ளபடியே, ஒரு புள்ளியும் விடாமல், கணீரென்று வாசிப்பதே அவர் தொழில்தருமம். இருநூற்று நாற்பத்தோராம் பாடலின் உரை முடிந்தது. அவர் செந்நிறத்தைக் கண்டு ஒரு கணம் நிறுத்தி, மூச்சை நிறைத்துக்கொண்டு, “ஈ” என்று நீட்டினார். ஐந்தாம் நடைமேடையிலிருந்து வண்டி புறப்படுவதைப் போல இருந்தது. அடுத்த பாடலின் முடிவில் இருவர் சேர்ந்துகொண்டனர். ஐந்தாவதற்குள் அவை முழுவதும் கண்மூடி ஒரே குரலாய் நீட்டியது. நான் கதவருகே செருப்பைக் கழற்றிய காலோடு அப்படியே நின்றேன். தையற்கடை வைத்திருக்கும் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிவில், அவைக்கு மூத்தவரும் ஓய்வுபெற்ற செவிலியருமான பெரியக்கா என் கையைப் பற்றி, “இத்தனை வருஷமா கேக்கறேன், இன்னைக்குத்தான் மனசு அடங்குச்சும்மா” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

உன் அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் முழங்கால் வலியும் மறந்துபோயிற்று. “உரையாசிரியரே, நல்லா இருந்துச்சுன்னு அவங்களே சொல்லிட்டாங்க, பேசாம விட்டுடு, யாருக்குத் தெரியப்போவுது” என்றார். அவருக்கு அது விளையாட்டு. எனக்கோ அப்படியில்லை. மகளே, உனக்கே தெரியும். பழைய படிகளைப் பெயர்த்தெழுதியவர்கள் தம் சொந்தச் சரக்கை நடுவே நுழைத்துவிட்டுப் போன இடங்களை உரையில் எத்தனை கடுமையாகச் சாடியிருக்கிறேன்! ‘கைகூசாமல் செருகியவர்’ என்றே ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். இப்போது அதே நூலில், அதே கையால், அறுபத்தோரிடத்தில் செருகியவள் நான். அச்சேறி முந்நூறு வீடுகளுக்குப் போய்விட்டால், நான் போன பின்னும் யாரோ சிலர் கண்மூடி என் விரற்பழக்கத்தை ஓதிக்கொண்டிருப்பார்கள். அறியாமல் செய்தது பிழை. அறிந்தபின் விட்டுவைப்பது பொய். இறைவனைப் பாடிய சொற்களின் அருகே பொய்யை வைத்துவிட்டு நான் எந்த முகத்தோடு விளக்கின்முன் அமர்வேன்? மறுபுறம், பெரியக்காவின் அடங்கிய மனத்தைக் கலைப்பதற்கும் நா எழவில்லை. இரண்டு நாள் இப்படியே கழிந்தது.

மூன்றாம் நாள் அச்சேற்ற இசைவு தந்து நான் கையெழுத்திட வேண்டிய நாள். அவையோர் அனைவரையும் தொலைபேசியில் அழைத்து அச்சகத்துக்கே வரச் சொன்னேன். காகிதக் கட்டுகளின்மேல் பத்துப்பேரும் அமர்ந்திருக்க, மூலை விசை தொடங்கி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லி முடித்தேன். அச்சகக்காரர் தாம் வைத்த பூக்களையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் வாய் திறந்தவர் நம் இரயில் நிலையத்து அம்மையார்தான். “அப்படீன்னா நான் அறுபத்தோரு தடவை, ‘சேவ் பண்ணு, சேவ் பண்ணு’ன்னு கத்தியிருக்கேனா?” என்றார். அவ்வளவுதான், தையற்கடை அம்மையார் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார், பிறகு யாரையும் அடக்க முடியவில்லை. பெரியக்கா மட்டும் சிரிக்கவில்லை. நான் அஞ்சியது அவரைத்தானே. அவர் அச்சுப்படியைத் தடவியபடி, அந்தக் கட்டளைக்குக் கணினி என்னதான் செய்யும் என்று கேட்டார். இதுவரை எழுதியதைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நானும் கண்ணை மூடிக்கிட்டு அதைத்தாம்மா வேண்டிக்கிட்டேன். கடைசியிலே ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும், உன் தப்புன்னு கீழே எழுதிடு” என்றார்.

அவர் தீர்ப்பே இறுதித் தீர்ப்பாயிற்று. வீட்டுக்கு வந்ததும் பழைய கணினியின் தூசியைத் துடைத்து, கல்மழையைக் கொண்டுவந்து பூட்டினேன். தேடி நீக்கும் கட்டளையை நீ என்றோ சீட்டில் எழுதித் திரைக்கருகே ஒட்டிச் சென்றிருந்தாயே, அது இன்னும் அங்கேயே இருக்கிறது, பசை மட்டும் மஞ்சளாகிவிட்டது. கோப்பை நிறமும் பூவும் அற்ற வெறும் எழுத்தாக மாற்றித் தந்தார் அச்சகக்காரர். நான் ஒரே ஒரு வரி தட்டினேன்; இமைப்பொழுதில் அறுபத்தொன்றும் மறைந்தன. பின் கடைசிப் பாடலின் கீழ் ஒன்றை மட்டும், இம்முறை திரையைப் பார்த்துக்கொண்டே, என் கையால் இட்டேன். அதற்கு அடிக்குறிப்பும் எழுதினேன்: ‘இது பாடத்தைச் சேர்ந்ததன்று, உரை எழுதியவளின் கைப்பழக்கம்.’ முன்பு ‘கைகூசாமல்’ என்று எழுதியிருந்த இடத்தை ‘கைதவறி’ என்று மாற்றிவிட்டேன். அந்தப் பழைய எழுத்தர்களுள் எத்தனை பேர் தூக்கக் கலக்கத்தில் செருகினார்களோ, யார் கண்டது?

உன்னிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். சாப்பாட்டு மேசையில் நீ, மென்பொருள் என்றால் திறந்து பார்க்கவும் திருத்தவும் பிறர்க்குக் கொடுக்கவும் எவருக்கும் உரிமை வேண்டும் என்று ஆறிய சோற்றோடு வாதாடுவாயே, அப்போதெல்லாம் தட்டை எடுத்துக் கழுவினால் போதும் என்றே நினைத்திருந்தேன். இப்போது எண்ணிப் பார்க்கிறேன். நான் உரை எழுதிய பாடல்களும் யார் பூட்டுக்கும் உட்படாமல், கேட்டவர் எழுதி, எழுதியவர் கொடுத்து, தவறியதைப் பின்வந்தவர் திருத்தித்தானே என் கைக்கு வந்தன. நீ சொன்னதில் புதுமை இல்லை என்று சொல்லவில்லை. பழமையும் இருக்கிறது என்கிறேன். மாப்பிள்ளைக்கு வருத்தமில்லை. மடிக்கணினியை அக்கா எடுத்துக்கொண்டாள். பொறியே அறிந்து சேமிப்பது அவளைப் போன்ற மறதிக்காரிக்குத்தான் பொருத்தம். உன் அப்பா, “கல்மழை திரும்பிடுச்சா” என்று அலுத்துக்கொண்டே தம் நாற்காலியை இந்த அறைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு நாளிதழ் படிக்கிறார்.

எல்லா நலமும் பெற்று, நெறி பிறழாது, உன் கைத்திறன் பிறர்க்குப் பயன்பட நீடு வாழ இறைவனை இறைஞ்சுகிறேன். மணிக்கட்டு வலித்தால் பிடிவாதம் பிடிக்காமல் மருத்துவரைப் பார். ஒரு நினைவூட்டல்: மூலை விசையின் மேல்மூடி தேய்ந்து பிளந்துவிட்டது, உன் இழுப்பறை நிறைய அவைதாமே, ஒன்றை உறையில் இட்டு அனுப்பு, எந்த நிறமாயினும் சரி, செந்நிறம் மட்டும் வேண்டாம். இந்த மடலைக் கல்மழையில்தான் தட்டுகிறேன். கீழே காண்பது கைதவறியதன்று.

உன்னை என்றும் நெஞ்சில் வைத்திருக்கும்
அம்மா

:ஈ