வத்தல் மூட்டைகளும் ஒரு லோடரும்

வீட்டுக்கு முன்னால் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். காலையிலிருந்து ஒரு லோடர் முன்னால் இருக்கும் இரும்புப் பக்கெட்டால் சரளை அள்ளிக்கொண்டிருக்கிறது. டீசல் புகையும் சூடான கிரீஸ் வாடையும் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டன. மருமகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சன்னலைச் சாத்தப் போனாள். "கெடக்கட்டும் விடு தாயி, உங்க மாமா வாடை அது" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் உங்களிடம் ரெண்டு வார்த்தை பேச வேண்டும் போலிருந்தது.

இந்தப் பையன் வண்டி ஓட்டுவதைப் பார்த்தால் உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். நிறைந்த பக்கெட்டை ஆள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டே ஓடுகிறான். நீங்கள் அப்படியா? பக்கெட்டைத் தரையோடு படிய வைத்துக் குவியலுக்குள் முட்டி நுழைவீர்கள். நிறைந்ததும் அதை உள்பக்கமாக மடக்கி, முழங்கால் உயரத்திலேயே வைத்துப் பின்னால் வருவீர்கள். லாரிக்குப் பக்கத்தில் போன பிறகுதான் தூக்கிக் கவிழ்ப்பீர்கள். "பாரத்த ஒசத்திக்கிட்டு ஓடுனா பின்சக்கரம் எந்திரிச்சுரும்" என்பீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் கடைக்குக் காப்பி குடிக்க வந்தாலும் இதே பேச்சுதான். என்னிடம் பேச இந்த மனுஷனுக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று எரிச்சலாக வரும்.

அது எழுபதுகளின் தொடக்கம். பந்தல்குடியில் ரோட்டோரம் எங்கள் அப்பாவின் பலசரக்குக் கடை. பின்பக்கம் மிளகாய் வத்தல் அடுக்கிய கிட்டங்கி. ரோட்டு வேலைக்கு அருப்புக்கோட்டையிலிருந்து லோடரோடு வந்து இறங்கினீர்கள். தூரத்துச் சொந்தம், கட்டிக்கிற முறைதான். ஆள் விட்டுப் பெண் கேட்டபோது அப்பா ஒரே போடாகப் போட்டார்: "மிசினு போற ஊருக்கெல்லாம் பின்னாலயே போறவனுக்கா பொண்ணக் குடுப்பாக?" திருச்சுழியில் ஆபீஸ் மாப்பிள்ளை ஒருவரைப் பேசத் தொடங்கினார். விலை ஏறியதும் வத்தலை விற்று, தையில் கல்யாணம். இது ஊருக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. பூஜை விஷயத்தில் அப்பா படு கறார். கடைத் தராசுக்குப் பொட்டு வைத்த கையோடு உங்கள் லோடருக்கும் அவரே பூஜை போட்டார். பக்கெட்டுக்குள் இலை விரித்துப் பொரியும் கடலையும் படைத்தார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். "நாளைக்கு மறுபூசை முடியாம யாரும் சாவியத் தொடப்பிடாது" என்று உத்தரவும் போட்டார்.

பொழுது சாயும்போது பிடித்தது பாருங்கள் மழை! வருஷமெல்லாம் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் கரிசல் காட்டில் அன்றைக்கென்று கொட்டித் தீர்த்தது. ரோட்டு வேலைக்காகக் கடைக்கு முன்னால் நீளமாகக் குவித்திருந்த மண், தண்ணீரை ஓடைக்குப் போகவிடாமல் மறித்துவிட்டது. காட்டுத் தண்ணீரெல்லாம் கிட்டங்கி வாசலில் ஏறியது. மண்வெட்டியால் வெட்ட வெட்ட, மண் சரிந்து மூடியது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா லோடரைப் பார்த்தார்.

"மாமா, வண்டிய எடுக்கட்டுமா?" என்று கேட்டீர்கள்.

"பூசையில வச்சதய்யா…" என்று இழுத்தார் அப்பா.

நீங்கள் சும்மா நின்றிருக்கலாம். வத்தல் போனால் திருச்சுழிக் கல்யாணமும் போகும். நான் கதவிடுக்கில் நின்றுகொண்டு, நனையட்டும், நனையட்டும் என்று பிள்ளையாரைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். நீங்களோ விடவில்லை. "மாமா, மூட்ட நனையுது. எடுக்கட்டுமா?"

அப்பா விறுவிறுவென்று கடைக்குள் போனார். பூஜையில் இருந்த தராசைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் வந்தார். "இந்தா, நானும் எடுத்துட்டேன். பாவம் வந்தா ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. எடுப்பா வண்டிய!"

இலையைப் பொரியோடு சுருட்டி அப்பா கையில் கொடுத்துவிட்டு ஏறினீர்கள். குவியலில் முட்டி அள்ளிய மண்ணையெல்லாம் கிட்டங்கி வாசலில் கரையாகக் கொட்டினீர்கள். சேற்றில் சக்கரம் புதைந்தபோது பக்கெட்டைத் தரையில் ஊன்றி, வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, உந்தி வெளியே வந்தீர்கள். கடைசியில் குவியல் அறுபட்டுத் தண்ணீர் ஓடைக்குப் பாய்ந்தது. அடிவரிசை மூட்டைகள் மட்டும்தான் நனைந்தன.

மறுநாள் காப்பி கொடுக்கும் சாக்கில் உங்களைப் பிடித்துக்கொண்டேன்.

"கூறு இருக்கா உங்களுக்கு? சும்மா நின்னிருந்தா அந்தப் பேச்சு தன்னால முறிஞ்சிருக்கும்ல?"

"உங்கப்பா நட்டப்பட்டுத்தான் எனக்குப் பொண்டாட்டி கெடைக்கணுமாக்கும்?" என்றீர்கள். சட்டையில் சேறு இன்னும் காயவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினீர்கள். "சீனி பத்தல."

அப்பா நனைந்த வத்தலைச் சில நாள் வெயிலில் காயப்போட்டு எடுத்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்: "வத்தலு எதுக்குன்னு அவனுக்குத் தெரியும்டி. தெரிஞ்சும் காப்பாத்திருக்கான், கிறுக்குப்பய. இவனுக்கே குடுத்துருவோம்." அந்த வத்தலை விற்றுத்தான் தையில் நம் கல்யாணம் நடந்தது. அப்பா பயந்தபடியே ஊர் ஊராக அலைந்தோம். பாளையம்பட்டிக்குக் குடிபோனபோது சட்டி பானையெல்லாம் லோடர் பக்கெட்டில்தான் வந்தன. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

பேரப்பிள்ளைகள் கேட்டால், கொள்ளுத்தாத்தா தராசோடு மழையில் நின்று முடித்துவைத்த கல்யாணம் என்றுதான் சொல்கிறேன். அவர்களுக்கு அது போதும். ஆனால் கட்டினால் உங்களைத்தான் என்று அப்பா சம்மதிப்பதற்கு முன்னாலேயே நான் முடிவு செய்துவிட்டேன். நீங்கள் அந்த டம்ளரை நீட்டியபோதே செய்துவிட்டேன். என்னை அடைவதற்காகக்கூட இன்னொருவர் வீடு நனையப் பொறுக்காத மனுஷனோடு வாழ்ந்திருக்கிறேன். நீங்கள் போன பிறகும் அந்தக் கர்வம் எனக்குக் குறையவில்லை. அதனால்தானோ என்னவோ, உங்களை நினைத்தால் அழுகைக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடுகிறது.