பக்கத்து சீட்

அன்புள்ள அண்ணா,

மாத்திரைகளோடு இந்தக் கடிதத்தையும் தடுப்பு முகாம் வாசலில் கொடுக்கிறேன். பிரித்துப் பார்த்தாலும் நம் தமிழ் எழுத்து அங்கே யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை விமானத்துக்கு ஒரு பெட்டிதான் அனுமதியாம்.

நேற்று வக்கீலிடம் அண்ணி விடாமல் கேட்டார். "இருபது வருஷத்துக்கு முன்னாடி காரை ஏத்தி ஒருத்தரைக் கொன்னுட்டதா கேஸ்ல இருக்கு. அதுக்காக ஜெயிலுக்குப் போய் வந்தவரை இப்ப நாடு கடத்துறாங்க. அவருக்குத்தான் கார் ஓட்டவே தெரியாதே?"

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "அப்படின்னா இன்னும் வழி இருக்கு. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"அப்ப ஓட்டுவாரு. அதுக்கப்புறம் பயந்துட்டு தொடவே இல்ல" என்றேன்.

அன்று எனக்குக் கல்யாணமாகி ஒன்பது நாள். அந்த ஆள் விழுந்ததும், "நீ இந்தப் பக்கம் வந்து உட்காரு" என்றீர்கள். நீங்கள் எழுந்த சீட் சூடாக இருந்தது. இன்றும் காரை எடுக்கும்போதெல்லாம் பக்கத்து சீட்டைத் தொட்டுப் பார்க்கிறேன். அந்தச் சூடு ஆறவே இல்லை.

நாளை அண்ணி அதில் உட்கார்ந்துதான் உங்களைப் பார்க்க வருவார். உங்களிடமும் கேட்பார்.

ஓட்டத் தெரியும் என்று சொல்லிவிடுங்கள், அண்ணா.

உங்கள் தம்பி