படகுக்குள் ஒரு பென்சில் கோடு

ஜனவரி 9

தையல் கடையில் லீவு சொல்லிவிட்டுப் படகைப் பார்க்கப் போனேன். அவர் போன பிறகு இன்றுதான் ஏறுகிறேன். கரையில் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். ஏணி வைத்து ஏறினால் உள்ளே வெறும் எலும்புக்கூடு. பழைய கட்டில், அலமாரி, அடுப்பு மேடை எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார் மனுஷன். புதுசு வைக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

அவர் சட்டை ஆணியில் தொங்குகிறது. தொடவில்லை.

ஜனவரி 11

கொழுந்தனார் வந்தார். இருக்கிறபடியே விற்றுவிடலாம் என்கிறார். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. அண்ணனுக்குத் தலையில கட்டி வந்து புத்தி தடுமாறிப் போச்சு. இல்லேன்னா நீச்சல் தெரியாத ஆளு இத்தாம் பெரிய மோட்டார் படகு வாங்குவாரா?"

கடைசியில் என் பேரையே மறந்தார், நிஜம்தான். ஆனால் படகு வாங்கினது அதற்கு முந்தி. "நாம ரெண்டு பேரும் ஆத்துல போய்க்கிட்டே இருப்போம்"னு சொன்னாரே — அது அவர் சொன்னதா, கட்டி சொன்னதா? யாரைப் போய்க் கேக்குறது?

ஜனவரி 15

விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். முதலில் உள்வேலை முடியட்டும்.

மகள் ஃபோனில், "உனக்கு இது தேவையாம்மா?" என்றாள். தேவையோ இல்லையோ, கை சும்மா இருக்க மாட்டேங்குது.

ஜனவரி 27

அழுகின பலகையெல்லாம் போயிற்று. இன்ஜின் பார்க்கிற மெக்கானிக் தம்பி புது ப்ளைவுட் அறுத்துக் கொடுத்தார். மரவேலையில் தான் கத்துக்குட்டி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

மெத்தை உறை நானே தைக்கிறேன். படகில் ஒரு இடமாவது சதுரமாக இருக்கிறதா? நடுவில் பெருத்து முன்னால் ஒடுங்கி — ரவிக்கைக்கு அளவெடுக்கிற மாதிரி பேப்பர் வைத்து வெட்டினேன். நாற்பது வருஷத் தையலில் இப்படி ஒரு உடம்பைப் பார்த்ததில்லை.

பிப்ரவரி 4

சுவரைத் துடைக்கும்போது ஒரு பென்சில் கோடு. கேபினைச் சுற்றி ஓடுகிறது. அலமாரி, மேசை மாட்ட அவர் போட்ட மட்டக்கோடுதான். ஆரம்பிக்கிற இடத்தில் காக்கா கால் மாதிரி ஒரு குறி வைப்பார். குமிழ் ஓடுகிற ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். கோணல். முன்பக்கம் ஏறி, பின்பக்கம் இறங்கி.

வீட்டில் ஒரு அலமாரி மயிரிழை சாய்ந்தாலும் கழற்றி மாட்டுகிற ஆள். அப்பவே கண்ணும் புத்தியும் போயிடுச்சா? பக்கத்துலயே கிடந்தேனே, எனக்குத் தெரியாமப் போச்சே.

கொழுந்தனார் சொன்னது சரிதான் போல.

பிப்ரவரி 5

போகவில்லை. படுத்தே கிடந்தேன்.

பிப்ரவரி 16

மேசை, அலமாரி, அடுப்பு மேடை எல்லாம் மெக்கானிக் தம்பியும் நானும் ரசமட்டப்படி மாட்டினோம். கோட்டின் மேல் பெயிண்ட் அடிக்கப் பிரஷ்ஷைத் தூக்கினேன். மனசு வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்.

மார்ச் 2

படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். மகளும் கொழுந்தனாரும் வந்திருந்தார்கள். மேசையில் டீ ஊற்றி வைத்தேன். டம்ளர் மெள்ள நகர்ந்து போய், முன்பக்கம் உட்கார்ந்திருந்த கொழுந்தனார் மடியில் கவிழ்ந்தது. "என்ன அண்ணி, அன்னிக்கு நான் பேசினதை மேசைகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார். அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. மகள் சிரித்த சிரிப்பில் எனக்கும் வந்துவிட்டது.

இன்னொரு டம்ளர் ஊற்றிக் கையிலேயே வைத்திருந்தேன். பின்னால் சுவரில் அந்தக் கோடு. டம்ளருக்குள் டீ எப்படி நிற்கிறதோ அப்படியே கோடும் நிற்கிறது. ரசமட்டத்தை எடுத்துக் கோட்டில் வைத்தேன். குமிழ் நட்ட நடுவில்.

கரையில் மூக்கைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள் படகை. அது தெரியாமல் நான் தரைக்கு மட்டம் பார்த்திருக்கிறேன். அவர் கரையேற்றுவதற்கு முன்னாலேயே, மிதக்கும்போதே கோடு போட்டிருக்கிறார். தண்ணிக்குப் போட்ட கோடு.

கொழுந்தனார் அதை ரொம்ப நேரம் பார்த்தார். "அண்ணன் தெளிவாத்தான் இருந்திருக்காரு, அண்ணி" என்றார். வெளியே போய் நின்றார்.

மார்ச் 3

காலையில் ஸ்க்ரூடிரைவரோடு வந்து நின்றார் கொழுந்தனார். எல்லாவற்றையும் கழற்றி அவர் கோட்டுப்படி மாட்டினோம். புடவையில் வார்னிஷ் படுகிறதே என்று ஆணியிலிருந்த சட்டையை எடுத்து மேலே போட்டுக்கொண்டேன். கை நீளம். மடித்துவிட்டேன்.

டீ வைத்துப் பார்த்தோம். நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாலம் வரைக்கும் போய் வரலாம் என்கிறாள் மகள். மிதவை ஜாக்கெட் வாங்க வேண்டும். நீச்சல் எனக்கும்தான் தெரியாது.