உரிக்காத மேலுறை

அன்புள்ள தங்கச்சிக்கு,

மெஷினில் துண்டான உன் மூன்று விரல்களில் ஒன்று ஒட்டாமல் போனதற்கு எல்லோரும் மெஷினைத் திட்டுகிறார்கள். நீயோ, "எங்கண்ணன் ஆபரேஷன் பண்ணதாலதான் மத்த ரெண்டாச்சும் பொழச்சுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிக்கிறாய்.

ரத்தக்குழாயின் மேல் நூலாம்படை மாதிரி ஓர் உறை உண்டு. தைப்பதற்கு முன், வெட்டுப்பட்ட முனையில் அதை உரித்துவிட வேண்டும். உரிக்காமல் விட்டால் உள்ளே மடிந்து ரத்தம் உறைந்துவிடும். இதை மறக்கிற மாணவர்களைக் திட்டித் தீர்த்துவிடுவேன்.

நான் மறக்கவில்லை. மயக்கத்தில் கிடந்த உனக்கு வலிக்குமோ என்று, கடைசி விரலின் குழாயில் கொஞ்சம் உரிக்காமல் விட்டுவிட்டேன். வேறு யார் கையாக இருந்தாலும் உரித்திருப்பேன்.

நேற்று மகளுக்குப் பின்னல் போட முடியாமல் தடுமாறினாய். நான் பார்ப்பதைக் கண்டு, "விடுண்ணா, நீ என்ன பண்ணுவே?" என்று சிரித்தாய்.

என்ன பண்ணினேன் என்பதைத்தான் எழுதியிருக்கிறேன்.

அண்ணன்