படம் குலுங்கும் இடங்கள்

என்னங்க,

டிவிக்குப் பின்னால் பல்லி இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். டிக், டிக் என்று விட்டு விட்டு ஒரு சத்தம். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு சுவரெல்லாம் தேடினேன், திரைச்சீலையை உதறினேன். ஒன்றுமில்லை. குனிந்து காதை வைத்தபோதுதான் தெரிந்தது, சத்தம் உங்கள் கறுப்பு ஹார்ட் டிஸ்கிலிருந்து வருகிறது. நம் தொடர் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. கையை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுட்டது.

அன்றிலிருந்து எந்தச் சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்துபோய் டிவிக்குப் பின்னால் பார்க்கிறேன்.

கல்யாண வீடியோ எடுத்துச் சம்பாதித்ததை எல்லாம் போட்டு, உள்ளூர் கேபிளுக்காக ஞாயிற்றுக்கிழமைத் தொடர் எடுக்கிறேன் என்று நீங்கள் கிளம்பியபோது நான் தடுத்தேன். தடுத்துவிட்டு, எப்படியும் எடுக்கத்தான் போகிறீர்கள் என்று தெரிந்ததும், ஒழுங்காக எடுக்க வேண்டுமே என்று கூடவே நின்றேன். திருக்கோகர்ணத்தில் இந்த வீட்டு மாடிதான் படப்பிடிப்புத் தளம். தையல்கடை அந்தோணிதான் தொடரில் குடும்பத் தலைவர். கடைசிப் பகுதிகளில் பேத்தியாக வந்தது நம் மகள் ஜெசி, முன்பல் விழுந்த வாயோடு. ஒரு காட்சியில் இருந்தது அடுத்த காட்சியிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. துண்டை எந்தப் பக்கம் மடிக்க வேண்டும் என்பதற்குக்கூட விதி இருந்த கான்வென்ட் விடுதியில் வளர்ந்தவளுக்கு அது ஒரு வேலையே இல்லை.

"டம்ளரை எந்தக் கையில வச்சிருந்தீங்க அந்தோணி? போன காட்சியில வலது கை. இப்ப எடது கை. பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"பசிக்குதுக்கா, எந்தக் கையில குடுத்தாலும் குடிச்சிருவேன்."

நீங்கள் கேமராவுக்குப் பின்னால் வாயே திறக்க மாட்டீர்கள். கேமரா பக்கத்தில் பேசினால் பதிவாகிவிடும் என்பது கல்யாண வீடுகளில் கற்ற பழக்கம். ஆரம்பிக்கச் சொல்வதற்கும் கையை மட்டும் அசைப்பீர்கள்.

வீடியோ நாடாக்களில் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தது. அதற்கு முன்பே நீங்கள் எல்லாவற்றையும் டிஸ்கில் ஏற்றியிருந்தது நல்லதாகப் போயிற்று. ஜெசி டிவியோடு இணைக்கும் பெட்டி ஒன்றை வாங்கி அனுப்பியபோது, இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் வைத்தோமே, நினைவிருக்கிறதா? நான் சொல்ல, நீங்கள் தட்டினீர்கள். ஒன்றுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போடாவிட்டால் டிவி வரிசையில் ஒன்றை அடுத்துப் பத்து வந்து நிற்கும் என்று கண்டுபிடித்தது நான்தான். அதை ஒப்புக்கொள்ள உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

வெட்டிப்போட்ட துண்டுகளையும் நீங்கள் அதே இடத்தில் வைத்திருந்ததுதான் எனக்குத் தெரியாமல் போனது. வசனம் மறந்தது, நாற்காலி சரிந்தது, நடுவில் நான் புகுந்து கத்தியது, எல்லாம். கான்வென்டில் எனக்குக் கணக்குச் சொல்லித்தந்த சிஸ்டர் தள்ளாத வயதில் நம்மைப் பார்க்க வந்தார்கள். நீங்கள் பெருமையாக நான்காம் பகுதியைப் போட்டுவிட்டுக் காபி கொண்டுவர உள்ளே போனீர்கள். பகுதி முடிந்தது. டிவி தானாகவே அடுத்ததைப் போட்டது. திரையில் நான், இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, அந்தோணியை டம்ளருக்காக வறுத்தெடுக்கிறேன்.

சிஸ்டர் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள், "ஸ்கூல்ல இவ்வளவு சத்தம் வராதே ஒனக்கு."

அவர்கள் போன பிறகு நான் குதித்தேன். "அழிச்சிருங்க எல்லாத்தையும். நாளைக்கு மருமகன் பாக்கணுமா நான் கத்துறத?"

"அழிக்க வேணாம் மதர். தனியா ஒரு ரூம் குடுத்துருவோம்" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தால், கான்வென்ட் தலைமைச் சிஸ்டரைக் கூப்பிடுவதுபோல் 'மதர்' என்று கூப்பிட்டு மேலும் கோபப்படுத்துவது உங்கள் வழக்கம். பகுதிகள் ஓர் இடம், வெட்டுத்துண்டுகள் ஓர் இடம் என்று பிரித்து, இரண்டாவதற்கு 'உதிரி' என்று பெயர் வைத்தீர்கள். நான் அதைத் திறந்ததே இல்லை, நீங்கள் போகும்வரை.

போன பிறகு திறந்தேன். உங்கள் குரல் எங்காவது இருக்குமா என்று தேடத்தான். ஊரிலுள்ள எல்லா முகத்தையும் எடுத்தவருக்குச் சுவரில் ஒரு சட்டம் போட்ட போட்டோதான் மிச்சம். உதிரியிலும் உங்கள் குரல் இல்லை, நிழல்கூட இல்லை. நான் கத்துகிறேன், அந்தோணி விழிக்கிறார், அவ்வளவுதான். ஆனால் நான் கத்தும்போதெல்லாம் படம் குலுங்குகிறது. எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. இத்தனை வருட அனுபவத்துக்குக் கேமராவை நேராகப் பிடிக்கத் தெரியாதா என்று. மூன்றாவது துண்டில்தான் புரிந்தது. நீங்கள் சத்தமாகச் சிரித்ததே கிடையாது. தோள் மட்டும் குலுங்கும். கேமரா அந்தத் தோளில் இருந்தது.

அதற்கு அடுத்த மாதமே டிக், டிக் சத்தம்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரவியை வரச்சொன்னேன். ஜெசி தோஹாவிலிருந்து வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தாள். ரவி டிஸ்கைக் காதோரம் வைத்துக் கேட்டார். முகம் மாறியது.

"இது எப்ப நிக்கும்னு சொல்ல முடியாதுங்கம்மா. காப்பி ஓடுறப்பவே நின்னாலும் நின்னுரும். எது முக்கியமோ அத மொதல்ல சொல்லுங்க."

"எபிசோடுதான்" என்றாள் ஜெசி. "அப்பா ராப்பகலா ஒழச்சது அதுலதான்."

"உதிரிய மொதல்ல போடுங்க ரவி."

"அம்மா! அதுல என்ன இருக்கு? நீங்க கத்துறதுதானே இருக்கு!"

ரவி இருக்கும்போது எப்படிச் சொல்வது? ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு பச்சைக்கோடு நகர்ந்தது. நகர்வது கோடா, கையிலிருக்கும் மணியா என்று குழம்பி ஒரே மணியில் நின்றுகொண்டிருந்தேன். உதிரி முழுவதும் வந்துவிட்டது. மூச்சுவிட்டேன்.

"அடுத்து எதும்மா?"

"ஒன்னுலேருந்து வரிசையா" என்றேன். யோசிக்கவே இல்லை. வரிசை தப்பினால் எனக்குப் பொறுக்காது என்பது உங்களுக்குத் தெரியும். பத்தொன்பது முடிந்தபோது டிக் சத்தம் நின்றது. நல்லதுக்கு என்று நினைத்தேன். ரவி கையைத் தலையில் வைத்துக்கொண்டார்.

இருபது முதல் இருபத்தாறு வரை போய்விட்டது. ஜெசி நடித்த அத்தனையும். டிஸ்க் திருச்சிவரை போய்த் திரும்பி வந்தது. உள்ளே சுழலும் தட்டிலேயே கீறல் விழுந்துவிட்டதாம். பின்னாலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருந்தால் அவள் பங்கு பிழைத்திருக்கும். அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. "சரிம்மா, வைக்கவா?" என்றாள். அதற்குப் பிறகு சில நாட்கள் போனில் சாப்பாடும் மாத்திரையும்தான் பேச்சு. என் பிள்ளை சிரித்த சிரிப்பை நானே அழியவிட்டு, உங்கள் சிரிப்பை வைத்துக்கொண்டேனா என்று தூக்கம் வரவில்லை.

நடித்தவர்களுக்கு நீங்கள் டிவிடி போட்டுக் கொடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தோணி இப்போது அன்னவாசலில் மகன் வீட்டில் இருக்கிறார். கூப்பிட்டேன்.

"பரண்ல எங்கிட்டாவது கெடக்கும்க்கா. தேடுறேன். வலது கையாலதான் தேடுறேன், திட்டாதீங்க."

இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் ஓடுமா என்று தெரியவில்லை. ஆனாலும் பகுதிகளுக்காவது கேட்டுப்பார்க்க ஆளிருக்கிறது. உதிரியை நீங்கள் யாருக்கும் கொடுத்ததில்லை. இதைத்தான் ஒருநாள் ஜெசியிடம் சொல்லி, அதில் அப்பாவும் இருக்கிறார் என்றும் சொல்லி, ரவியை விட்டு உதிரியை அவளுக்கு அனுப்பச் செய்தேன். மறுநாளே கூப்பிட்டாள்.

"முழுசாப் பாத்துட்டேன். அப்பா எங்கம்மா இருக்காரு இதுல?"

"படம் குலுங்குற எடத்தப் பாரு."

போனை வைத்துவிட்டாள். மாலையில் திரும்பக் கூப்பிட்டாள். "அந்த டம்ளர் சண்டையில ரொம்பச் சிரிச்சிருக்காரும்மா. கேமராவையே கீழ போடப் பாத்திருக்காரு."

இப்போது இரண்டு டிஸ்க் வாங்கியிருக்கிறேன். ஒன்று டிவியருகில், ஒன்று பீரோவில். இரண்டிலும் காதை வைத்துக் கேட்காமல் படுப்பதில்லை. இருபது முதல் இருபத்தாறு வரை பெயர் மட்டும் போட்டு இடம் விட்டிருக்கிறேன். டிவி அவற்றைக் காட்டுவதில்லை. அந்தோணி கூப்பிடும்வரை அப்படியே இருக்கட்டும்.

நேற்றுப் பாலில் தண்ணீர் அதிகம் என்று பால்காரரைப் பிடித்துக் கத்தினேன். கத்தி முடித்ததும் என் கண் தானாகக் கொஞ்சம் தள்ளிப்போய், ஓர் ஆளின் தோள் உயரத்தில் நின்றது. இப்போதெல்லாம் யாரைக் கடிந்துகொண்டாலும் அங்கேதான் பார்க்கிறேன், குலுங்குகிறதா என்று.