ஆறாவது வெட்டு

என் மரங்கொத்திக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. எல்லாரும் என்றால் நான் ஒருத்திதானே. தையல் மெஷின் ஓடுகிறது. நீ மரத்தைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்பாயே, அந்தப் பின்னறையையும் பெருக்கித்தான் வைத்திருக்கிறேன். இதை எந்த விலாசத்துக்குப் போடுவது? உன் ரம்பத்துக்குக் கீழே வைத்துவிடுகிறேன்.

பிழை இருந்தால் சிரிக்காதே. நான் படித்த படிப்பு உனக்குத் தெரியும். ஆனால் இதைச் சொல்லாமல் எனக்கு ஒரு வாய் இறங்கமாட்டேன் என்கிறது.

பாட்டுக் குழுவில் கிட்டார் வாசிக்கிற உன் தாடிக்காரனுக்காக நீ செய்துகொண்டிருந்த கிட்டார் கழுத்து மேஜை மேலேயே கிடந்தது. பின்பக்கம் வழவழவென்று இழைத்து, விரல் வைக்கிற மேல்பலகையை ஒட்டி, குறுக்குக் கம்பிகள் இறங்க ஐந்து வெட்டு வெட்டியிருந்தாய். மீதி நாளைக்கும்மா, சலிப்பா இருக்கு என்று சொல்லிவிட்டுப் படுத்தாய். காலையில் நீ எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தாடிக்காரன் வந்தான். அப்படியே குடுங்கம்மா, வேற யார்கிட்டயாவது முடிச்சுக்கறேன் என்றான். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வீம்பு. வேற யாரு எதுக்கு, எத்தனை சட்டைக்குக் காஜா எடுத்த கை இது, கோடு பார்த்து வெட்டத் தெரியாதா என்றேன். அவன் தாடியைச் சொறிந்துகொண்டே போனான்.

உன் பழைய கிட்டாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளந்தேன். எப்படி அளந்தேன் என்று கேள். சட்டைக்குப் பட்டன் இடம் குறிக்கிற மாதிரி, ஒன்றிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அதற்கடுத்தது. என் டேப்பின் நுனி தேய்ந்தது வேறு. சட்டையில் ஒரு இழை தள்ளினால் துணி விட்டுக்கொடுக்கும், போட்டவனுக்கே தெரியாது. மரம் விட்டுக்கொடுக்கவில்லை. இழை இழையாகச் சேர்ந்து, கடைசி வெட்டு ஒரு அரிசி அகலம் தள்ளிப் போய்விட்டது. தலைப்பக்கத்தில் தந்திகள் ஏறி உட்காருகிற வெள்ளைப் பட்டையிலிருந்துதான் எல்லாவற்றையும் அளக்கவேண்டும் என்று நீ முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்வாய். மெஷின் சத்தத்தில் நான் எதைக் கேட்டேன்?

கம்பிகளை அடித்து இறக்கி, அவர்கள் குழு வாசித்துப் பழகுகிற அறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். கழுத்தை உடம்போடு பூட்டித் தந்தி கட்டியது தாடிக்காரன்தான். தலைப்பக்கம் வாசித்தபோது நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பெருமை கூட வந்தது. கை உடம்புப் பக்கம் நகர நகர, சுருதி விலகிக்கொண்டே போனது. என்னடா, பூனை வாலை மிதிச்சிட்டியா என்று டிரம்ஸ்காரர் சிரித்தார். தாடிக்காரன் சிரிக்கவில்லை. இந்த வெட்டெல்லாம் யாரும்மா போட்டது என்று கேட்டான்.

அவதான். அன்னிக்கு அவளுக்குக் கை ஓடல.

இதைச் சொன்னது நான், மரங்கொத்தி. உன்னைப் பெற்ற நான். வாய் கூசாமல் சொன்னேன். மறுத்துப் பேச நீ இல்லை என்ற தைரியம். டிரம்ஸ்காரர் உச்சுக்கொட்டினார். பாவம், அந்தப் பொண்ணு வேலைல மயிரிழை பிசகாதுன்னு நாலு பேருக்குச் சொல்லி வெச்சிருந்தேனே என்றார். நீ சம்பாதித்து வைத்துவிட்டுப் போனது அந்தப் பேர் ஒன்றுதான். அதையும் நான் கெடுத்துவிட்டு, திருத்தித் தருகிறேன் என்று கழுத்தைக் கழற்றி வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆறாவது கம்பியைத்தான் முதலில் எடுத்தேன், குறடால் வெடுக்கென்று இழுத்ததில் வெட்டின் ஓரம் சில்லு சில்லாகப் பெயர்ந்தது. அப்புறம்தான் புத்தி வந்து, ஒவ்வொரு கம்பியையும் சூடுபண்ணி, பசை இளகியதும் மெதுவாக எடுத்தேன். நீ கழித்துப் போட்ட துண்டிலிருந்து சீவல் சீவி, வெட்டுகளுக்குள் பசை தடவிச் செருகினேன். சில்லுப் பெயர்ந்த இடத்துக்கு உன் மரத்தூள் புட்டி உதவியது. மரத்துக்கு ஒரு புட்டி என்று வைத்திருப்பாயே, என்னடி, பவுடர் கம்பெனி வைக்கப் போறியா என்று கிண்டல் பண்ணுவேனே, அந்தத் தூள்தான். பசையில் குழைத்து அப்பி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமமாக்கினேன். டேப்பைத் தூக்கி எறிந்துவிட்டு உன் இரும்பு ஸ்கேலை எடுத்தேன். இந்தத் தடவை எல்லா அளவும் வெள்ளைப் பட்டையிலிருந்து. உன் ஐந்து வெட்டின் பக்கமே நான் போகவில்லை.

திரும்பக் கொண்டுபோனபோது எல்லாரும் இருந்தார்கள். உட்காருங்கம்மா என்றார்கள், உட்காரவில்லை. அன்னிக்குப் பொய் சொன்னேன், ஆறாவதுலேருந்து நான் வெட்டினது, அவ கை பிசகல என்று நின்றபடியே சொன்னேன். தாடிக்காரன் தரையைப் பார்த்துக்கொண்டு, தெரியும்மா என்றான். அஞ்சு வரைக்கும் அவ கை, ஆறுலேருந்து வேற கை, வாசிச்ச உடனே தெரிஞ்சுது என்றான். அப்ப எங்கிட்ட ஏன்டா சொல்லல என்று டிரம்ஸ்காரர் எகிறினார். அம்மா மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படிண்ணே சொல்றது என்றான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

இப்போது கடைசிவரை சுருதி நிற்கிறது. ஆனால் ஆறாவதிலிருந்து ஒவ்வொரு கம்பிக்குப் பக்கத்திலும் பழைய வெட்டின் தழும்பு மெல்லியதாகத் தெரிகிறது. சாயம் பூசி மறைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேணாம்மா, எது யார் கைன்னு தெரியட்டும் என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான்.

நீ எங்கே இருந்தாலும் நோவு நொடி இல்லாமல் இரு கண்ணு. அம்மாவை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, கோபித்துக்கொண்டாவது நினை.

உன் பேரைக் கெடுக்கப் பார்த்த,
உன் அம்மா

கையெழுத்துப் போட்ட பிறகும் பேனாவை மூட முடியவில்லை. உனக்கு அன்றைக்குக் கை ஓடவில்லை என்று நான் பொய்யாகத்தான் சொன்னேன். ஆனால் எடுத்த வேலையைப் பாதியில் வைக்கிறவள் இல்லையே நீ, அன்றைக்கு ஐந்தோடு ஏன் நிறுத்தினாய்? சலிப்பு என்றாயே, சலிப்புதானா? பக்கத்து அறையில்தானே தைத்துக்கொண்டிருந்தேன், நிஜமாகவே கை ஓடாமல்தான் ரம்பத்தைக் கீழே வைத்தாயா, மரங்கொத்தி?